விடுதியும் விடுதலையும்

வாங்குவது சுலபம், வைத்துக் காப்பாற்றுவது கஷ்டம் என்பதற்கு நம் பெரியோர்கள் யானையை உதாரணமாகச் சொல்லுவார்கள். யானையை யாராவது தானமாகவே கொடுத்தாலும் அதைக் கட்டித் தீனி போடுகிறவர் நாம்தானே? இக்காலத்தில் தும்பிக்கையும் தந்தமும் இல்லாத ஒரு புதுவித யானை நடுத்தரக் குடும்பங்களைத் தேடி வருகிறது. அதற்கு ‘டைம்ஷேர்’ என்று பெயர். கோயில் யானையாவது குழந்தைகளின் தலையில் தும்பிக்கையை வைத்து ஆசீர்வாதம் செய்யும். இந்த யானையோ எங்கோ ஒரு மலையின்மேல் இருக்கிறது. அதன் தீனிக்கான பில் மட்டும் வருஷம் தவறாமல் வீட்டு வாசலுக்கு வந்து சேருகிறது.

மேட்டூரிலிருந்து நேயர் ஒருவர் இதைப் பற்றி நமக்கு எழுதியிருக்கிறார். அவ்வூர்த் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். அவருடைய பெயரும் சம்பந்தப்பட்ட நிறுவனத்தின் பெயரும் இங்கே வேண்டாம். சேலத்தில் ஒரு கடையில் சாமான் வாங்கியபோது, குலுக்கலுக்கு என்று நீட்டப்பட்ட சீட்டில் தம் பெயரையும் போன் நம்பரையும் எழுதிப் போட்டாராம். ஒரு வாரம் கழித்து, “உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, மனைவியுடன் நேரில் வந்து பெற்றுக்கொள்ள வேண்டும்” என்று அழைப்பு வந்தது. போனார்கள். குளிர்சாதன அறை, காப்பி, பலகாரம், மேஜைக்கு மேஜை புன்னகை. மூன்று மணி நேரப் பேச்சுக்குப் பிறகு, “இந்தச் சலுகை இன்று சாயங்காலம் வரைதான்” என்றார்களாம். ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதி அன்றைக்கே கை மாறியது. இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. இரண்டு தடவை போய்த் தங்கினார்கள். மற்ற வருஷங்களில் பள்ளிக்கூட லீவு சமயத்தில் அறை கேட்டால் அறை இல்லை. அறை இருந்த சமயத்தில் இவர்களுக்கு முழங்கால் வலி. ஆண்டுக் கட்டணம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

அவர் கேட்டிருப்பவை மூன்று கேள்விகள். கட்டணத்தைக் கட்டாமல் சும்மா இருந்துவிட்டால் என்ன ஆகும்? இதை யாரிடமாவது விற்றுத் தொலைக்க முடியுமா? நம் காலத்துக்குப் பிறகு இது மகளின் தலையில் விழுமா? மூன்றாவது கேள்வியைப் படித்தபோதுதான் இதைக் குறித்து விரிவாக எழுதவேண்டும் என்று நமக்குத் தோன்றியது. குடும்பம் சந்தோஷமாக இருக்கட்டும் என்று வாங்கிய பொருளைக் குறித்து, மகளுக்குக் கடனாகப் போய்விடுமோ என்று ஒரு தகப்பனார் தூக்கம் கெட்டு இருப்பது நல்ல வியாபாரத்தின் லக்ஷணம் ஆகாது.

* * *

இந்த யானை எங்கே பிறந்தது என்று முதலில் பார்ப்போம். 1960-களில் ஐரோப்பாவில், ஆல்ப்ஸ் மலைப் பிரதேசத்தில் பிறந்த யோசனை இது. மலை வாசஸ்தலத்தில் முழு வீடு வாங்கப் பலருக்குச் சக்தி கிடையாது. ஒரு வாரத்துக்கு வேண்டிய பங்கை மட்டும் வாங்கினால் என்ன? ஐம்பது குடும்பங்கள் ஐம்பது வாரங்களைப் பங்கிட்டுக்கொண்டால் வீடும் நிரம்பியிருக்கும், செலவும் பிரிந்துபோகும். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. நம் தேசத்தில் 1986-ஆம் வருஷம் சென்னையில் தொடங்கிய ஸ்டெர்லிங் நிறுவனம் இத்தொழிலின் முன்னோடிகளில் ஒன்று. கொடைக்கானல், உதகை, ஏற்காடு முதலிய இடங்களில் அதன் விடுதிகள் இருக்கின்றன. பத்து வருஷம் கழித்து, 1996-ல், மஹீந்திரா குழுமமும் இதில் இறங்கியது. 25 வருஷ உறுப்பினர் பதவி, வருஷத்துக்கு 7 இரவு என்பது அதன் பிரசித்தமான திட்டம்.

இத்தகைய திட்டங்களால் பயன் அடைந்தவர்களே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. வருஷந்தோறும் தவறாமல் பிரயாணம் செய்கிறவர்கள், மூன்று மாதத்துக்கு முன்பே தேதி குறித்து அறை பதிவு செய்கிறவர்கள், பெரிய குடும்பத்துடன் போய்ச் சமையலறை உள்ள பகுதியில் தங்குகிறவர்கள் ஆகியோருக்கு இது லாபமாகவும் இருக்கலாம். ஆனால் 25 வருஷம் என்பது என்ன? இன்று இடுப்பில் இருக்கும் குழந்தை அன்றைக்குக் கல்யாணப் பத்திரிகையுடன் நிற்கும். உத்தியோகம் மாறும், ஊர் மாறும், உடம்பு மாறும். மாறாமல் இருப்பது ஒப்பந்தம் ஒன்றுதான்.

சிறிது கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இவை எந்த நிறுவனத்தின் விலையும் அல்ல. கணக்குக்காக நாமாக வைத்துக்கொண்ட எண்கள். முதலில் கட்டுவது ரூ. 4,00,000; ஆண்டுக் கட்டணம் ரூ. 20,000, வருஷத்துக்கு 7 இரவு, 25 வருஷம். கட்டணம் ஏறவே ஏறாது என்று வைத்துக்கொண்டால் மொத்தம் ரூ. 9,00,000. இரவுகள் 175. ஓர் இரவுக்கு ஏறத்தாழ ரூ. 5,140. சரி, பாதகமில்லை என்று தோன்றும். ஆனால் கட்டணம் வருஷத்துக்கு 100-க்கு 5 வீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டால், 25-ஆவது வருஷத்தில் கட்டவேண்டிய கட்டணம் மட்டும் ஏறத்தாழ ரூ. 64,500. மொத்தச் செலவு ரூ. 13,54,000-க்கு மேல், ஓர் இரவுக்கு ரூ. 7,740. இனி, 25 வருஷத்தில் 10 வருஷம்தான் போக முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இரவு ரூ. 19,350 ஆகிறது! வரி, வண்டிச் சத்தம், சாப்பாடு எல்லாம் தனி. முதலில் கட்டிய நாலு லக்ஷம் பாங்கியில் கிடந்தால் வரக்கூடிய வட்டியையும் நாம் சேர்க்கவில்லை. போகாத வருஷத்து இரவுகளைச் சேர்த்து வைக்கச் சில திட்டங்களில் இடமுண்டு. ஆனால் சேர்த்து வைத்த இரவுகளுக்கும் அறை கிடைத்தாக வேண்டும் அல்லவா?

* * *

இனி, முதல் கேள்விக்கு வருவோம். கட்டாமல் சும்மா இருந்துவிடுவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. அது பாதி யோசனைதான். கட்டணம் பாக்கி இருந்தால் அறை கொடுக்கமாட்டார்கள். பாக்கியின்மேல் வட்டி ஏறும். சில ஒப்பந்தங்களின்படி உறுப்பினர் பதவியையே ரத்து செய்வார்கள். ஆண்டுக் கட்டண பாக்கி என்பது சிவில் விவகாரம். “போலீஸ் வரும்” என்று போனில் யாராவது பயமுறுத்தினால் நடுங்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு இடங்களில் எச்சரிக்கை வேண்டும்.

முதலாவது, கையெழுத்திட்ட செக்குகளைக் கொடுத்திருந்தால் அவை பணமில்லாமல் திரும்புவது சாதாரண விஷயம் அல்ல. 1881-ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு அதைக் குற்றமாகவே கருதுகிறது. பாங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பணம் எடுத்துக்கொள்ள அனுமதி கொடுத்திருந்து, கணக்கில் பணமில்லாமல் அது திரும்பினாலும் இதைப் போன்ற சட்டம் உண்டு. ஆகையால் கணக்கைக் காலி செய்துவிட்டு ஒளிந்து விளையாடக் கூடாது. நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிட்டு, பாங்கிக்கும் எழுதி அந்த அனுமதியை ரத்து செய்வதே முறை. இரண்டாவது, உறுப்பினர் பதவியின் விலையைத் தவணைக் கடனில் கட்டியிருந்தால், அந்தக் கடன் பாங்கிக்கும் உங்களுக்கும் நடுவே உள்ள தனி வியவகாரம். விடுதியின்மேல் உள்ள கோபத்தைத் தவணையில் காட்டினால், பிற்பாடு வீட்டுக் கடனோ மகளின் படிப்புக் கடனோ கேட்கும்போது அது எதிரே வந்து நிற்கும்.

செய்யவேண்டியது என்ன? பெட்டியின் அடியில் கிடக்கும் ஒப்பந்தத்தை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பொடி எழுத்து உட்பட முழுவதும் படிக்கவேண்டும். எத்தனை வருஷம், கட்டணத்தை எந்தக் கணக்கில் ஏற்றலாம், விலகினால் எவ்வளவு திரும்ப வரும், மற்றவர் பெயருக்கு மாற்ற முடியுமா ஆகிய நான்கையும் தனிக் காகிதத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். கையெழுத்திட்ட சில நாட்களுக்குள் விலகினால் முழுப் பணமும் திரும்பும் என்ற ஷரத்து சில ஒப்பந்தங்களில் இருக்கிறது. அந்தக் கெடு தாண்டாதவர்கள் இன்றைக்கே எழுதவேண்டும். தாண்டியவர்களும், தாம் விலக விரும்புவதையும் அதற்குரிய காரணங்களையும், அறை கேட்டுக் கிடைக்காத தேதிகளையும் விவரமாக எழுதி, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதையும் சேர்ந்ததற்கான அத்தாட்சியையும் பத்திரப்படுத்த வேண்டும். போனில் நடந்த பேச்சு காற்றோடு போகும்; காகிதத்தில் எழுதியதே கோர்ட்டுக்கு வரும்.

* * *

இரண்டாவது கேள்வி, விற்க முடியுமா என்பது. நிறுவனத்தின் சம்மதத்துடன் உறவினர் பெயருக்கோ மற்றவர் பெயருக்கோ மாற்றலாம் என்று சில ஒப்பந்தங்கள் இடம் தருகின்றன. அதற்கும் ஒரு கட்டணம் உண்டு. ஆனால் வாங்குகிறவர் வேண்டுமே? நாம் விட்டால் போதும் என்று நினைக்கும் பொருளை நாம் கொடுத்த விலைக்கு வாங்க இன்னொருவர் வருவார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இங்கேதான் மேட்டூர் நேயர் முக்கியமாக ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். விற்க நினைப்பதாக ஓரிடத்தில் வாய்விட்டுச் சொன்னால் போதும்; “உங்கள் மெம்பர்ஷிப்பை நல்ல விலைக்கு எடுத்துக்கொள்ள ஆள் தயார், முதலில் வரியையும் பத்திரச் செலவையும் மட்டும் அனுப்புங்கள்” என்று இனிமையான குரலில் போன் வரும். அனுப்பினால் பிறகு குரலும் இல்லை, பணமும் இல்லை. இது நம் ஊர் வித்தை மட்டும் அல்ல. மெக்ஸிகோ தேசத்துப் போதைப் பொருள் கும்பல்கள்கூட, டைம்ஷேர் வைத்திருக்கும் அமெரிக்க முதியவர்களிடம் இதே தந்திரத்தால் பணம் பறிப்பதாக அமெரிக்க அரசாங்கம் 2024-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் எச்சரிக்கை விடுத்தது. துப்பாக்கியைவிட டெலிபோன் சௌகரியம் என்று அவர்களும் கண்டுகொண்டார்கள் போலும்! விற்றுத் தருகிறேன், பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று சொல்லி முன்பணம் கேட்கிறவர் எவராயினும் அவருக்கு ஒரு காசும் கொடுக்கலாகாது. கொடுத்து ஏமாந்தவர்கள் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

இன்னொரு ஜாதி வியாபாரமும் உண்டு. “தங்கினாலும் தங்காவிட்டாலும் முடிவில் பெருந்தொகை திரும்ப வரும்” என்று சொல்லி விடுதி இரவுகளை விற்பது அது. மும்பையைச் சேர்ந்த பான்கார்டு கிளப்ஸ் என்ற கம்பெனி இப்படி 50 லக்ஷம் பேருக்கு மேற்பட்டவர்களிடம் ரூ. 7,000 கோடிக்கு மேல் திரட்டியிருந்தது. அது அனுமதி பெறாத கூட்டு முதலீட்டுத் திட்டமே என்று தீர்மானித்து, பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி செபி 2016-ல் உத்தரவிட்டது. விடுதி என்றால் தங்குவதற்கு. பணம் குட்டி போடும் என்று சொன்னால் அது விடுதி அல்ல என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது கேள்விக்குப் பதில், நேயரின் மனத்துக்கு ஆறுதல் தரக்கூடியது. தகப்பனாரின் கடனுக்காக மகளின் சொந்தச் சம்பாத்தியத்தில் கை வைக்க முடியாது. தகப்பனாரிடமிருந்து அவளுக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. ஆனால் அந்தச் சொத்திலிருந்து பாக்கியைக் கேட்க நிறுவனத்துக்கு வழி இருக்கிறது. ஆகையால், இந்தக் கணக்கை நம் காலத்திலேயே தீர்த்துவிடுவதுதான் உசிதம்.

* * *

எழுதிப் பார்த்தும் நிறுவனம் அசையவில்லை என்றால் என்ன செய்வது? சென்னைக்கும் மும்பைக்கும் யார் அலைவது என்று மேட்டூர்வாசிகள் மலைக்க வேண்டாம். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை மாதத்தில் அமலுக்கு வந்தது. அதன்படி முறையீடு செய்கிறவர் தாம் வசிக்கும் இடத்துக்குரிய ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். மேட்டூர்க்காரருக்குச் சேலம் மாவட்ட ஆணையம். நாமக்கல்காரருக்கு நாமக்கல் ஆணையம். கொடுத்த விலை ரூ. 5 லக்ஷத்துக்கு மேற்படாவிட்டால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கம்ப்யூட்டர் மூலமாகவும் மனுவை அனுப்பலாம். முதலில் யோசனை கேட்க 1915 என்ற எண் இருக்கிறது. தகராறுகளை மத்தியஸ்தர் மூலமாகத்தான் தீர்க்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதை அது தடுக்காது என்பதை உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதி செய்திருக்கிறது.

ஆனால் காலக் கெடு ஒன்று உண்டு. வழக்குக்குக் காரணம் ஏற்பட்டதிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனுச் செய்யவேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம். மன்னித்தே தீரவேண்டும் என்பதில்லை. வாக்களித்த அறை கிடைக்கவில்லை, சொன்னது ஒன்று கொடுத்தது ஒன்று என்பவை மாவட்ட ஆணையத்துக்குரிய புகார்கள். ஒப்பந்தமே அநியாயமானது என்று சொல்வதானால் மாநில ஆணையத்துக்குப் போகவேண்டும். உபயோகிப்பாளரின்மேல் நியாயமற்ற கட்டணத்தைச் சுமத்துவதும், தக்க காரணமின்றி ஒரு தரப்பார் மட்டும் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள இடம் தருவதும் அநியாய ஒப்பந்தத்தின் அடையாளங்கள் என்று அச்சட்டமே சொல்லுகிறது. போனால் வெற்றி நிச்சயம் என்று நாம் உறுதி கூறமாட்டோம். பத்து வருஷம் சுகமாகத் தங்கிவிட்டு முழுப் பணத்தையும் திரும்பக் கேட்டால் எந்த நியாயாதிபதியும் புருவத்தை உயர்த்துவார். அந்த நாளில் பேசிய வாக்குறுதிகளுக்கு விளம்பரத் தாளோ, வாட்ஸப் செய்தியோ, ஏதாவது சாக்ஷியம் இருப்பவர்களின் கை ஓங்கியிருக்கும்.

* * *

தனித்தனிக் குடும்பங்கள் இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது ஒருபுறம் இருக்கட்டும். சட்டத்தின் பொறுப்பு என்ன? டைம்ஷேர் வியாபாரத்துக்கென்று நம் தேசத்தில் தனிச் சட்டம் கிடையாது. ஐரோப்பாவில் 1994-லேயே, வாங்கினவர் பத்து நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம் என்று விதி செய்தார்கள். பிற்பாடு அதை 14 நாட்களாக்கினார்கள்; அந்த நாட்களுக்குள் முன்பணம் வாங்குவதற்கே அங்கே தடை உண்டு. ஸ்பெயின் தேசத்தில் 50 வருஷத்துக்கு மேல் ஒருவரைக் கட்டிப்போடக் கூடாது என்று 1998-ல் சட்டம் பிறந்தது. அதை மீறிய சாசுவத ஒப்பந்தங்கள் செல்லாது என்று அவர்களுடைய உச்ச நீதிமன்றம் 2015-ல் தீர்ப்பளித்தது. அவ்வளவு தூரம் போவானேன்? நம் தேசத்திலேயே ஆயுள் இன்ஷியூரன்ஸ் எடுத்தவருக்குப் பாலிஸியைப் படித்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க 30 நாள் அவகாசம் இருக்கிறது. மரணத்துக்குப் பின் வரும் பணத்தைப் பற்றி யோசிக்க ஒரு மாதம் கொடுக்கிறோம். மலைமேல் தங்கும் ஏழு நாளைப் பற்றி யோசிக்க ஒரு சாயங்காலம்தானா?

மேட்டூர்வாசிகளுக்கு இதை விளக்கிச் சொல்லவே தேவையில்லை. அவர்களுடைய ஸ்டான்லி அணை 1934-ல் கட்டி முடிந்தது. 120 அடி உயரத்துக்குத் தண்ணீரைத் தேக்குகிறது. அது நிரம்பினால் 93 டி.எம்.சி.க்கு மேல். அத்தனை பெரிய அணையைக் கட்டிய எஞ்சினீயர்கள், தேக்குவதைப் பற்றி மட்டும் யோசித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. வெள்ளம் மிஞ்சினால் வெளியே போவதற்குப் பதினாறு கண் மதகு வைத்துவிட்டுத்தான் போனார்கள். வெளியே விட வழி வைக்காமல் அணை கட்டுவதை அறிவுள்ளவர் யாரும் ஒப்பமாட்டார்கள். விலக வழி வைக்காமல் எழுதும் ஒப்பந்தத்தை மட்டும் நாம் ஏன் ஒப்பவேண்டும்? கையெழுத்துக்குப் பிறகு சில வாரம் அவகாசம். அதற்குப் பிறகும் நியாயமான கழிவுடன் விலகும் உரிமை. கட்டண உயர்வுக்கு ஓர் உச்சவரம்பு. இம்மூன்றையும் சட்டமாக்கினால் நாணயமான நிறுவனங்களுக்கு ஒரு நஷ்டமும் வராது. உறுப்பினர் திருப்தியாக இருந்தால் கதவு திறந்திருந்தாலும் போகமாட்டார்.

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரையில் நம் குடும்பங்களுக்கு ஒரு சிறு விதியைச் சிபாரிசு செய்கிறோம். பரிசு வாங்கப் போகும்போது செக்குப் புத்தகத்தையும் கார்டையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பேசுகிறவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் இரண்டே கேள்வி கேளுங்கள்: “இதிலிருந்து விலகுவது எப்படி? அது எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது?” பக்கத்தைக் காட்டினால் அந்தக் காகிதத்தை வீட்டுக்கு எடுத்து வந்து, ஓர் இரவு தூங்கி எழுந்து, பிறகு யோசியுங்கள். பக்கத்தைக் காட்டாவிட்டால் காப்பிக்கு வந்தனம் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். ஏற்காட்டு மலை எங்கேயும் ஓடிப்போகாது. மனம் வந்த அன்றைக்கு மேட்டூரில் காலை பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் அங்கே இருக்கலாம். ஓர் இரவு தங்கி, ஓர் இரவுக்கு உரிய வாடகையைக் கொடுத்துவிட்டு, ஒருவருக்கும் ஒன்றும் பாக்கியில்லாமல் இறங்கி வரலாம்.